“அந்த பான் அமெரிக்கன் இன்னும் போகலையா?” - காக்பிட்டில் எழுந்த ஒரு கேள்வி... பறிபோன 583 உயிர்கள்!

1977-ம் ஆண்டு, மார்ச் 27, ஞாயிற்றுக்கிழமை. மாலை 5 மணி 6 நிமிடம். அட்லான்டிக் கடலில் ஸ்பெயினுக்குச் சொந்தமான டெனரீஃப் தீவு. மேகம் இறங்கி மூடிய ஓடுபாதையில் ஒரு ஜம்போ ஜெட் வேகமெடுத்து ஓடிக்கொண்டிருக்கிறது. ரேடியோவில் வேறொரு விமானத்தின் குரல் கேட்கிறது. பின் இருக்கையில் இருந்த ஃப்ளைட் இன்ஜினீயருக்கு ஏதோ உறுத்துகிறது.

“அப்போ, அவங்க இன்னும் ஓடுபாதையைவிட்டு வெளியே போகலையா?”

“என்ன சொல்றீங்க?” - இது கேப்டன்.

“அந்த பான் அமெரிக்கன்... இன்னும் போகலையா?”

“அதெல்லாம் போயாச்சு.”

கேப்டன் அழுத்தம் திருத்தமாகச் சொல்லிவிட்டார். இன்ஜினீயர் அதற்குமேல் பேசவில்லை. துணை விமானியும் பேசவில்லை. அடுத்த 15 விநாடிக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. விமானப் பயணத்தின் வரலாற்றில் இன்றுவரை அதிக உயிர்களைப் பறித்த விபத்து அதுதான். 583 பேர்.

இந்த உரையாடல் யாரோ நினைவிலிருந்து சொன்னதல்ல. கறுப்புப் பெட்டியில் பதிவானது. புலனாய்வாளர்கள் இதைத் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். மோதலுக்குப் பனிமூட்டம், நெரிசல், ரேடியோ கோளாறு என்று ஆயிரம் காரணம் சொல்லலாம். ஆனால், சரியான கேள்வியைச் சரியான நேரத்தில் ஒருவர் கேட்டிருக்கிறார். அது ஏன் எடுபடவில்லை?

பூக்கடையில் வெடித்த குண்டு

உண்மையில், அந்த இரண்டு ஜம்போ விமானங்களுமே அன்று டெனரீஃபுக்கு வந்திருக்க வேண்டியவையே அல்ல. இரண்டும் பக்கத்துத் தீவான கிரான் கனாரியாவில் உள்ள லாஸ் பால்மாஸ் விமான நிலையத்துக்குப் போய்க்கொண்டிருந்தன. ஒன்று, ஆம்ஸ்டர்டாமிலிருந்து புறப்பட்ட நெதர்லாந்தின் கே.எல்.எம் விமானம். இன்னொன்று, லாஸ் ஏஞ்சலீஸிலிருந்து நியூயார்க் வழியாக வந்த பான் அமெரிக்கன். அதிலிருந்த பலர், கப்பலில் உல்லாசப் பயணம் போகக் கிளம்பிய ஓய்வுபெற்ற அமெரிக்கர்கள்.

அன்று மதியம் லாஸ் பால்மாஸ் விமான நிலையத்தின் பூக்கடையில் ஒரு குண்டு வெடித்தது. கனரி தீவுகளுக்குத் தனிநாடு கேட்ட இயக்கத்தின் வேலை. இரண்டாவது குண்டு இருக்கிறது என்ற மிரட்டலும் வர, விமான நிலையத்தையே மூடிவிட்டார்கள். வந்துகொண்டிருந்த விமானங்கள் எல்லாம் டெனரீஃபின் லாஸ் ரோடியோஸுக்குத் திருப்பிவிடப்பட்டன. “எங்களிடம் எரிபொருள் இருக்கிறது, வானத்திலேயே வட்டமடித்துக் காத்திருக்கிறோம்” என்று பான் அமெரிக்கன் விமானிகள் கேட்டுப்பார்த்தார்கள். இறங்கச் சொல்லி உத்தரவு வந்துவிட்டது.

லாஸ் ரோடியோஸ் சின்ன விமான நிலையம். ஒரே ஓடுபாதை. கடல் மட்டத்திலிருந்து 600 மீட்டருக்கும் மேலே, மலைகளுக்கு நடுவே இருப்பதால், மற்ற ஊர்களில் தலைக்கு மேலே போகும் மேகம் இங்கே தரையோடு தரையாக வரும். ஒரு நிமிடம் பளிச்சென்று இருக்கும், அடுத்த நிமிடம் எதிரே இருப்பது தெரியாது. தரையில் விமானங்கள் எங்கே நிற்கின்றன என்று காட்டும் ரேடார் அங்கே இல்லை. கோபுரத்தில் இருப்பவர் கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

வந்து இறங்கிய பெரிய விமானங்கள், ஓடுபாதைக்குப் போகும் இணைப்புப் பாதையை அடைத்துக்கொண்டு நின்றன. மணிக்கணக்கில் காத்திருப்பு.

கடிகாரத்தைப் பார்த்த கேப்டன்

கே.எல்.எம் விமானத்தின் கேப்டன் யாகோப் வெல்ட்ஹௌசன் வான் சான்டன். வயது 50. அந்த நிறுவனத்தில் 747 விமானிகளுக்குப் பயிற்சி கொடுப்பவர்களில் தலையாயவர். நிறுவனத்தின் விளம்பரத்தில் சிரித்துக்கொண்டிருந்த முகமே அவருடையதுதான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த துணை விமானி க்ளாஸ் மியூர்ஸுக்கு, “நீங்கள் 747 ஓட்டத் தகுதியானவர்” என்று சுமார் இரண்டு மாதங்களுக்கு முன்பு சோதித்துச் சான்று கொடுத்தவரும் அவரே. வாத்தியாரும் மாணவரும் ஒரே காக்பிட்டில்.

அந்த வாத்தியாருக்கு அன்று ஒரு கவலை இருந்தது. விமானிகள் இத்தனை மணி நேரத்துக்கு மேல் பணியில் இருக்கக் கூடாது என்று நெதர்லாந்தில் அப்போதுதான் விதிகளைக் கடுமையாக்கியிருந்தார்கள். மீறினால் கேப்டன் மீது சட்டப்படியே நடவடிக்கை வரும். லாஸ் பால்மாஸ் போய், அங்கிருந்து புதுப் பயணிகளை ஏற்றி, அன்றிரவே ஆம்ஸ்டர்டாம் திரும்ப வேண்டும். தாமதமானால் எல்லோரையும் ஹோட்டலில் தங்கவைக்க வேண்டிவரும்.

நேரத்தை மிச்சப்படுத்த அவர் ஒரு முடிவெடுத்தார். லாஸ் பால்மாஸில் நிரப்ப வேண்டிய எரிபொருளை இங்கேயே நிரப்பிக்கொள்ளலாம். 55,500 லிட்டர் ஏறியது. இத்தனைக்கும் லாஸ் பால்மாஸ் கூப்பிடு தூரம்தான், 25 நிமிடப் பறப்பு. எரிபொருள் ஏறிக்கொண்டிருந்தபோதே லாஸ் பால்மாஸ் திறந்துவிட்டதாகச் செய்தி வந்தது. பின்னால் நின்ற பான் அமெரிக்கன் உடனே கிளம்பத் தயார். ஆனால், கே.எல்.எம் விமானத்தைச் சுற்றிக்கொண்டு போக சில மீட்டர் இடம் போதவில்லை. இறங்கி அளந்தே பார்த்துவிட்டார்கள். வேறு வழியில்லாமல் காத்திருந்தார்கள்.

இந்த இடைவெளியில் ஒரு உயிர் தப்பியது. கே.எல்.எம் பயணிகளோடு வந்த சுற்றுலா வழிகாட்டிப் பெண் ஒருவர் டெனரீஃபிலேயே வசிப்பவர். ‘லாஸ் பால்மாஸ் போய் மறுபடி இங்கே எதற்குத் திரும்பி வர வேண்டும்?’ என்று அங்கேயே தங்கிவிட்டார். ஆம்ஸ்டர்டாமில் அந்த விமானத்தில் ஏறியவர்களில் பிழைத்தவர் அவர் ஒருவர்தான்.

எரிபொருள் நிரம்புவதற்குள் மேகம் இறங்கத் தொடங்கிவிட்டது.

ஒரே ஓடுபாதையில் இரண்டு ஜம்போ

இணைப்புப் பாதை அடைபட்டிருந்ததால், ஓடுபாதையிலேயே எதிர்த்திசையில் உருட்டிக்கொண்டு போய், கடைசி முனையில் திரும்பி நின்று, அங்கிருந்து கிளம்ப வேண்டும். முதலில் கே.எல்.எம் போனது. அதன் பின்னாலேயே பான் அமெரிக்கனையும் ஓடுபாதையில் வரச் சொன்னது கோபுரம். இடதுபக்கம் மூன்றாவது திருப்பத்தில் இறங்கி ஒதுங்கிவிட வேண்டும் என்பது உத்தரவு.

அந்த மூன்றாவது திருப்பம், ஒரு ஜம்போ ஜெட் வளையக்கூடிய திருப்பம் இல்லை. கிட்டத்தட்ட வந்த வழியே திரும்புவதுபோல 148 டிகிரி வளைய வேண்டும். நான்காவது திருப்பமோ சாவகாசமாகப் போகலாம். பனிமூட்டத்தில் பெயர்ப்பலகையும் தெரியாமல், மூன்றாவதைத் தாண்டி நான்காவதை நோக்கி மெதுவாக உருண்டுகொண்டிருந்தது பான் அமெரிக்கன். கோபுரத்துக்கு இரண்டு விமானங்களும் தெரியவில்லை. விமானங்களுக்கு ஒன்றையொன்று தெரியவில்லை. மூவருக்கும் இடையே இருந்தது ஒரே ஒரு ரேடியோ அலைவரிசை மட்டுமே.

ஓடுபாதை முனையில் திரும்பி நின்றதும் வான் சான்டன் இன்ஜின் வேகத்தைக் கூட்டினார். மியூர்ஸ் தடுத்தார். “இருங்க, இன்னும் நமக்கு அனுமதி வரலை.” கேப்டன் வேகத்தைக் குறைத்தார். “தெரியும், கேளுங்க” என்றார்.

இதைக் கவனிக்க வேண்டும். முதல் முறை துணை விமானி வாய் திறந்திருக்கிறார், கேப்டன் கேட்டும் இருக்கிறார். ஆனால், ஒரு வாத்தியாரை எத்தனை முறை திருத்த முடியும்?

கோபுரம் கொடுத்த பதில், புறப்பட்ட பிறகு எந்தப் பாதையில் பறக்க வேண்டும் என்பதற்கான அனுமதி. புறப்படுவதற்கான அனுமதி அல்ல. இரண்டும் வேறு வேறு. மியூர்ஸ் அதைத் திருப்பிச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே கேப்டன் “போகலாம்” என்று விமானத்தைக் கிளப்பிவிட்டார். மியூர்ஸ் இந்தமுறை தடுக்கவில்லை. தான் பேசிக்கொண்டிருந்த வாக்கியத்தின் கடைசியில், “நாங்கள் இப்போது டேக்-ஆஃபில் இருக்கிறோம்” என்று அவசரமாகச் சேர்த்தார். ஓடத் தொடங்கிவிட்டோம் என்கிறாரா, புறப்படும் இடத்தில் நிற்கிறோம் என்கிறாரா? ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாத ஒருவர், ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாத இன்னொருவரிடம் சொன்ன வாக்கியம். நிற்கிறார்கள் என்றே கோபுரம் புரிந்துகொண்டது.

“ஓகே” என்றது கோபுரம். ஒரு கணம் இடைவெளி விட்டு, “டேக்-ஆஃபுக்குக் காத்திருங்கள், நான் கூப்பிடுகிறேன்” என்றது.

அந்த நேரம் பார்த்து, பதறிப்போன பான் அமெரிக்கன் விமானிகளும் ரேடியோவை அழுத்தி, “நாங்கள் இன்னும் ஓடுபாதையில்தான் இருக்கிறோம்” என்றார்கள். ஒரே அலைவரிசையில் இருவர் ஒரே சமயத்தில் பேசினால் இரண்டு பேச்சும் தெளிவாகக் கேட்காது, ‘கீய்ங்’ என்ற சத்தம்தான் வரும். கே.எல்.எம் காக்பிட்டில் தெளிவாக விழுந்தது ‘ஓகே’ மட்டும். உயிர்காத்திருக்க வேண்டிய இரண்டு வாக்கியங்கள் ஒன்றையொன்று அழித்துக்கொண்டன.

அடுத்து, “ஓடுபாதையைவிட்டு வெளியேறியதும் சொல்லுங்கள்” என்று கோபுரம் கேட்க, “சரி, வெளியேறியதும் சொல்கிறோம்” என்றது பான் அமெரிக்கன். இது கே.எல்.எம் காக்பிட்டில் கேட்டது. இன்ஜினீயர் வில்லெம் ஷ்ரூடர் மட்டும் அதன் பொருளைப் பிடித்தார். அவர் கேட்டதுதான் அந்தக் கேள்வி.

பான் அமெரிக்கன் கேப்டன் விக்டர் கிரப்ஸ் பனிக்குள் விளக்குகளைப் பார்த்தார். அவை நெருங்கி வருகின்றன என்று புரிந்ததும் இடதுபக்கப் புல்வெளியை நோக்கி விமானத்தைத் திருப்பி முழு வேகம் கொடுத்தார். எதிரே வான் சான்டன், மூக்கை வலுக்கட்டாயமாகத் தூக்கி மேலே எழும்ப முயன்றார். வால் தரையில் உராயும் அளவுக்குத் தூக்கினார். முன்சக்கரம் தாண்டிவிட்டது. வயிறு கனத்த விமானத்தின் மற்ற பாகங்கள் தாண்டவில்லை. மிச்சம்பிடிக்க நினைத்து ஏற்றிய எரிபொருளின் எடை அதிலிருந்தது.

கே.எல்.எம் விமானத்தில் இருந்த 248 பேரும் இறந்தார்கள். பான் அமெரிக்கனில் 335 பேர். அதில் பிழைத்த 61 பேரில் காக்பிட்டில் இருந்த மூன்று விமான ஊழியர்களும் உண்டு. இன்ஜின்களை நிறுத்த துணை விமானி ராபர்ட் பிராக் தலைக்கு மேலே கையை நீட்டினார். கைப்பிடி இல்லை. கூரையே இல்லை. பனிமூட்டத்தில் தீயணைப்பு வீரர்கள் முதலில் ஒரு விமானம்தான் எரிகிறது என்று நினைத்தார்கள். தூரத்தில் இன்னொரு வெளிச்சம் தெரிந்த பிறகுதான், எரிவது இரண்டு என்று தெரிந்தது.

செய்தி ஆம்ஸ்டர்டாமுக்குப் போனதும், விசாரணைக்கு அனுப்பலாம் என்று கே.எல்.எம் அதிகாரிகள் முதலில் தேடிய ஆள் வான் சான்டன் என்பார்கள். அவ்வளவு நம்பிக்கை அவர்மேல்.

‘ஓகே’வுக்குத் தடை

அனுமதியில்லாமல் கிளம்பியதுதான் அடிப்படைக் காரணம் என்றது ஸ்பெயின் விசாரணை அறிக்கை. ஒருவர் தலையில் மட்டும் பழியைப் போட முடியாது, கோபுரமும் பான் அமெரிக்கனும் செய்த பிழைகளும் உண்டு என்றது நெதர்லாந்து. ஆனாலும், கடைசியில் கே.எல்.எம் பொறுப்பேற்று இழப்பீடு கொடுத்தது. சிமுலேட்டரில் பயிற்சி கொடுக்கும்போது கோபுரத்தின் வேலையையும் பயிற்சியாளரே பார்த்துக்கொள்வார், அனுமதிக்காகக் காத்திருக்கும் பழக்கம் அங்கே கிடையாது என்பதும் சுட்டிக்காட்டப்பட்டது. ஊருக்கே சொல்லிக்கொடுப்பவருக்கு வந்த ஆபத்து, சொல்லிக்கொடுத்த இடத்திலிருந்தே வந்திருக்கிறது.

உடனடியாக மாறியது பேச்சு. ‘டேக்-ஆஃப்’ என்ற சொல்லை இனி இரண்டே இடங்களில்தான் பயன்படுத்தலாம்: அனுமதி கொடுக்கும்போது, கொடுத்த அனுமதியை ரத்து செய்யும்போது. மற்ற இடத்தில் எல்லாம் ‘டிபார்ச்சர்’. வெறுமனே ‘ஓகே’ சொல்வதும் போனது. சொன்ன உத்தரவின் முக்கியப் பகுதிகளை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும்.

சொல்லை மாற்றுவது சுலபம். “கேப்டன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்” என்று உள்ளுக்குள் ஊறிப்போனதை எப்படி மாற்றுவது? பெரியவர்கள் பேசும்போது குறுக்கே பேசாதே என்பது நம் வீட்டுப் பாடம் மட்டுமல்ல. அந்தக் கால விமானிகளில் பலர் ராணுவத்திலிருந்து வந்தவர்கள். அங்கே மேலதிகாரி முடிவெடுப்பார், மற்றவர் செய்வார்.

அடுத்த ஆண்டே இன்னொரு அடி விழுந்தது. 1978 டிசம்பர் 28, அமெரிக்காவின் போர்ட்லாண்ட். யுனைடெட் விமானத்தின் சக்கரம் சரியாக இறங்கியதா என்று சந்தேகம். கேப்டன் அதைச் சரிபார்ப்பதிலேயே மூழ்கி ஒரு மணி நேரம் வட்டமடித்தார். எரிபொருள் குறைகிறது என்று இன்ஜினீயர் சொல்லத்தான் செய்தார், பட்டும்படாமல். நகரத்துக்கு மேலே இன்ஜின்கள் ஒவ்வொன்றாக அணைந்து விமானம் விழுந்தது. இறந்த 10 பேரில் அந்த இன்ஜினீயரும் ஒருவர்.

1979-ல் நாசா ஒரு பயிலரங்கம் நடத்தியது. இயந்திரம் பழுதாகி விழும் விமானங்களைவிட, நல்ல நிலையில் இருக்கும் விமானத்தை நல்ல விமானிகளே மோதவிடுவது ஏன் என்பதுதான் கேள்வி. அங்கே பிறந்ததுதான் ‘காக்பிட் ரிசோர்ஸ் மேனேஜ்மென்ட்’ என்ற பயிற்சி. கீழே இருப்பவர் சந்தேகத்தைத் தெளிவாக, திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும். மேலே இருப்பவர் அதைக் கேட்க வேண்டும், தானாகவே மற்றவரிடம் கருத்தும் கேட்க வேண்டும். 1981-ல் இதை முழுமையாகத் தொடங்கியது போர்ட்லாண்டில் அடிபட்ட அதே யுனைடெட் நிறுவனம். பழைய கேப்டன்கள் சிலர் கேலி செய்தார்கள். விமானம் ஓட்ட வந்தவர்களுக்கு நல்லொழுக்க வகுப்பா என்று.

கேலிக்குப் பதில் எட்டு ஆண்டுகள் கழித்து வந்தது.

தரையில் மண்டியிட்ட நான்காவது விமானி

1989 ஜூலை 19. டென்வரிலிருந்து சிகாகோவுக்கு 296 பேருடன் பறந்துகொண்டிருந்த யுனைடெட் டி.சி-10 விமானத்தின் வால் பகுதி இன்ஜின் வெடித்துச் சிதறியது. சிதறிய துண்டுகள், விமானத்தைத் திருப்பவும் ஏற்றி இறக்கவும் தேவையான ஹைட்ராலிக் குழாய்கள் மூன்று தொகுதிகளையும் அறுத்துவிட்டன. ஸ்டீயரிங், பிரேக் இரண்டுமே இல்லாமல் மலைப்பாதையில் பஸ் இறங்குவதுபோல. மூன்றும் ஒரேயடியாகப் போகும் என்று யாரும் நினைக்காததால், அதற்கென்று எந்தக் கையேட்டிலும் வழி எழுதப்படவில்லை.

கேப்டன் ஆல் ஹேய்ன்ஸுக்கு 33 ஆண்டு அனுபவம். அதை வைத்துக்கொண்டு அவர் செய்த முதல் காரியம், எல்லோரிடமும் யோசனை கேட்டது. பயணியாக வந்திருந்த டென்னிஸ் ஃபிட்ச் என்ற பயிற்சி விமானி உதவிக்கு வரலாமா என்று சொல்லியனுப்ப, உடனே உள்ளே அழைத்தார். மிச்சமிருந்த இரண்டு இன்ஜின்களின் வேகத்தை இடதும் வலதுமாகக் கூட்டிக் குறைத்தால் விமானம் ஓரளவு திரும்பும் என்று கண்டுபிடித்தார்கள். ஃபிட்ச் இரண்டு இருக்கைகளுக்கு நடுவே தரையில் மண்டியிட்டு, இரண்டு கைகளிலும் இரண்டு லீவர்களைப் பிடித்துக்கொண்டார். வலதுபக்கம் மட்டுமே திரும்பத் தெரிந்த விமானத்தை, வட்டம் வட்டமாக அயோவா மாநிலத்தின் சூ சிட்டிக்குக் கொண்டுபோனார்கள். காக்பிட் பதிவில் நான்கு பேரும் ஓயாமல் பேசுகிறார்கள். யோசனை, மறுப்பு, நடுவே கிண்டல்கூட. “எந்த ஓடுபாதையில் வேண்டுமானாலும் இறங்கலாம்” என்று கோபுரம் சொன்னபோது, “ஓ, ஓடுபாதையேதான் வேண்டுமா?” என்று சிரித்தார் ஹேய்ன்ஸ்.

வழக்கமாக இறங்கும் வேகத்தைவிட மிக அதிகமாக, மணிக்கு சுமார் 400 கிலோமீட்டர் வேகத்தில் இறங்கியது விமானம். வலது இறக்கை தரையில் இடித்து, உடல் உடைந்து, தீப்பிடித்து, சோளக்காட்டில் போய் விழுந்தது. 112 பேர் இறந்தார்கள். 184 பேர் பிழைத்தார்கள். பிறகு சிமுலேட்டரில் அதே நிலைமையை உருவாக்கி அனுபவசாலிகளை உட்காரவைத்துப் பார்த்தார்கள். ஒருவராலும் பத்திரமாகத் தரையிறக்க முடியவில்லை.

ஹேய்ன்ஸ் 2019-ல் காலமானார். அதுவரை ஊர் ஊராகப் போய் இந்தக் கதையைச் சொல்லிவந்தார். தன்னை யாராவது நாயகன் என்றால் மறுத்துவிடுவார். அதிர்ஷ்டம், தயாராக நின்ற மீட்புப் படையினர், கூட இருந்த மூவர் என்று பட்டியல் போடுவார். முன்பெல்லாம் கேப்டன் சொல்வதே வேதவாக்காக இருந்தது, அதனால் சில விமானங்களை இழந்தோம், சில நேரம் கேப்டன் நாங்கள் நினைத்த அளவுக்குப் புத்திசாலியாக இருக்கவில்லை என்று தன் இனத்தையே கிண்டலடிப்பார்.

அந்தப் பயிற்சி இன்று உலகம் முழுக்க விமானிகளுக்குக் கட்டாயம். அறுவை சிகிச்சை அரங்குகளும் அதைக் கடன் வாங்கிக்கொண்டன. கத்தியை எடுக்கும் முன், அறையில் உள்ள ஒவ்வொருவரும் பெயரும் பொறுப்பும் சொல்லி, நோயாளி யார், எந்தப் பக்கம் என்று வாய்விட்டு உறுதிசெய்யும் பட்டியலை உலக சுகாதார நிறுவனம் 2008-ல் வெளியிட்டது. நர்ஸ் “டாக்டர், கொஞ்சம் இருங்க” என்று சொல்வதற்கான இடம் அது.

டெனரீஃப் தீவின் தெற்கே, மேகம் தொல்லை செய்யாத இடத்தில், விபத்துக்கு அடுத்த ஆண்டே புது விமான நிலையம் திறந்துவிட்டார்கள். பழைய லாஸ் ரோடியோஸும் இயங்கிக்கொண்டுதான் இருக்கிறது. அதற்குப் பக்கத்தில் மேசா மோட்டா என்ற குன்றில், விபத்து நடந்து 30 ஆண்டுகள் கழித்து, 2007 மார்ச் 27 அன்று ஒரு நினைவுச்சின்னம் திறக்கப்பட்டது. வானத்தை நோக்கிச் சுழன்று ஏறி, பாதியிலேயே நின்றுவிடும் ஒரு படிக்கட்டு.